அமுதம் அடித்த பூதங்கள்

அமுதத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவன் நான். அசல் அட்டைக் கட்டு என்னுடையது. விதிகளை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்துச் சொன்னவனும் நான்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெயிப்பது அவள். ஜெயித்துவிட்டுச் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. "போயிட்டு வாங்க அண்ணாச்சி, அடுத்த வாரமும் தோக்க வரணும்ல, உடம்பைப் பாத்துக்கோங்க" என்று வழியனுப்புவாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது எங்கள் தீவு ஊரான ஹட் பே முழுக்கத் தெரியும். அவளுக்கு மட்டும் அது தெரியாதது போலவே இருப்பாள்.

ஹட் பே பஜாரில், கப்பல் அணையும் ஜெட்டிக்குப் போகிற சாலையில் அவள் கடை இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கல்யாணப் பத்திரிகை எல்லாம் செய்வாள். ஒட்டினாற்போல் அவள் கணவர் ஜோஸ்வாவின் படகு எஞ்சின் பட்டறை. ஜோஸ்வா பேசி நான் கேட்டது குறைவு. அவருடைய பங்கையும் சேர்த்து அமுதமே பேசிவிடுகிறாள். அவள் அப்பா வேம்பாரிலிருந்து மீன்பிடிக்க வந்து போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் தங்கிவிட்டவர். அதனால் தமிழ் வேம்பார்த் தமிழ், இந்தி ஜங்லிகாட் இந்தி. பெங்காலி வாடிக்கையாளரை இந்தியில் திட்ட ஆரம்பித்துத் தமிழில் முடிப்பாள். அந்த ஆள் பாதி புரிந்து, மீதியை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

தீவில் எதற்கெடுத்தாலும் நகல் கேட்பார்கள். தீவுவாசி என்பதற்கான ஐலண்டர் கார்டு நகல், ஆதார் நகல், நகலுக்கு ஒரு நகல். அவள் மெஷினுக்கு ஓய்வே கிடையாது.

நான் நந்தகுமார், கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன். கடல் பொங்கிக் கப்பல் ரத்தானால் ஜனங்கள் என் முகத்தைப் பார்த்துத்தான் கத்துவார்கள். நானும் விடுவதில்லை, பதிலுக்குக் கத்துவேன். சென்னைக்குப் போயிருந்தபோது அங்கே சொந்தக்காரப் பையன்கள் விளையாடுவதைப் பார்த்து எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. பேக்கெட் பேக்கெட்டாக வாங்கிச் சேர்க்கும் அட்டை விளையாட்டு அது. பூதம், மந்திரவாதி, பறக்கும் நாகம் என்று ஒவ்வொரு அட்டையிலும் ஒரு படம், அதற்கு ஒரு பலம். ஆளுக்கு ஒரு கட்டு வைத்துக்கொண்டு எதிராளியின் உயிரைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். வந்த கையோடு ஹட் பேக்கு டிரான்ஸ்பர். ஒரு கை தட்டினால் ஓசை வருமா? எதிரே உட்கார ஆளும் இல்லை, ஆள் கிடைத்தாலும் கொடுக்க இன்னொரு கட்டும் இல்லை.

அமுதத்தின் கடையில் போய் அட்டைகளைப் பரப்பினேன்.

"என்ன அண்ணாச்சி இது? பேய்க்கெல்லாம் ஐ.டி. கார்டு போட்டிருக்கு?"

"விளையாட்டு அட்டைம்மா. இதே மாதிரி இன்னொரு கட்டு நகல் வேணும். விக்கிறதுக்கு இல்ல. பெரிய போட்டிக்கெல்லாம் இதைக் கொண்டுபோனா விட மாட்டாங்க. சும்மா நமக்குள்ள ஆடத்தான்."

"யாரு கூட ஆடப் போறிய?"

"அதான் தெரியல."

"அப்ப நானே ஆடுதேன். என் மெஷின்ல பொறந்த பேய் என் பேச்சைத்தானே கேக்கும்!"

கேட்கத்தான் செய்தன. முதல் கட்டைப் பழக்கதோஷத்தில் லேமினேஷன் செய்துவிட்டாள். கட்டு செங்கல் உயரத்துக்கு வந்தது. கலைக்கப் போனால் அயிலை மீன் மாதிரி கையிலிருந்து வழுக்கிக்கொண்டு ஓடின. அடுத்த முறை கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருந்த கெட்டி அட்டையில் அடித்தாள். ஒரு தாளுக்கு ஒன்பது பூதம். வெட்டும் பலகையில் அளவு பிசகாமலிருக்க ஒரு மரச்சட்டத்தை ஒட்டிவைத்தாள். ஐ.டி. கார்டுக்கு முனை மழுக்கும் கருவியால் நாலு முனையையும் உருட்டினாள். கீழே பொடி எழுத்தில் 'நகல்' என்று போட்டாள். அதில் மட்டும் மிக நேர்மை.

மற்றதில் அந்த நேர்மை இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. என் நாகத்துக்கு ஐந்து பலம். அவளுடைய நகல் நாகத்துக்கு ஏழு. கேட்டால், "காப்பி எடுக்கையில கொஞ்சம் பெருசாயிரும் அண்ணாச்சி, மெஷின் அப்படி" என்றாள். நான் போட்ட கூச்சலில் ஜோஸ்வா ஸ்பேனரோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் எங்களோடு ஆட வந்துகொண்டிருந்த மாட்டு டாக்டர் ரவிச்சந்திரனைப் பிடித்தேன். அவர் கெஜட்டட் ஆபீசர். ஒவ்வொரு நகலையும் அசலோடு வைத்துப் பார்த்து, 'மூலத்துடன் சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்திப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். பூதத்துக்குச் சான்றொப்பம் வாங்கிய ஊர் உலகத்திலேயே எங்கள் ஊராகத்தான் இருக்கும். அப்படியும் அவள்தான் ஜெயித்தாள். அதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

இந்த ஆட்டம் ஒருவருக்கு மட்டும் அறவே பிடிக்கவில்லை. சிலுவைராஜ் அண்ணன். ஜெட்டியில் கப்பல் கயிறு பிடித்துக் கட்டுகிற வேலை. ஆள் மலை மாதிரி இருப்பார். குரல் ஹாரன் அடிக்காமலே கப்பலை நிறுத்தும். ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் கடை வாசலில் நின்றுகொண்டு, "ஆண்டவருடைய நாள்ல பிசாசுப் படத்தை வச்சு ஆடுறிய! வெளங்குமா?" என்று சாலைக்கே கேட்கக் கத்துவார். மாதா கோவில் சாமியாரிடமும் போய்ச் சொன்னார். சாமியார் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் உள்ளே வந்து மேஜையிலிருந்த ஒரு பூதத்தை எடுத்து நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டார். அது நகல் இல்லை, என் அசல்! நான் வாயைத் திறப்பதற்குள் அமுதம் வாசலுக்கு ஓடிவந்து, பஜாரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"கிழிங்க அண்ணே, கிழிங்க! அடுத்தது உங்க மூஞ்சியத்தான் கார்டுல அடிக்கப் போறேன். அதைப் பார்த்தாலே எதிராளி எந்திரிச்சு ஓடிருவான்!"

மீன் கடையில் சிரித்தார்கள், காய்கறிக் கடையில் சிரித்தார்கள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

ஆனால் சிலுவைராஜின் மனைவி ஜாக்குலின் அக்காவுக்கும் அமுதத்துக்கும் பேச்சு நிற்கவில்லை. அமுதம் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், கடல் மோசமாகிக் கப்பல் வராத ஒரு வாரத்தில் அவளுக்குப் பிரசவ வலி கண்டது. கூடவே இருந்து பிள்ளையைக் கையில் வாங்கியது ஜாக்குலின் அக்காதான். "அந்த அக்கா இல்லேன்னா நான் எப்பவோ ஜங்லிகாட்டுக்கு ஓடியிருப்பேன்" என்று அமுதம் அடிக்கடி சொல்லுவாள். ஆம்பளை முன்வாசலில் கத்திக்கொண்டிருக்கும்போதே பொம்பளை பின்வாசல் வழியாக மீன்குழம்பு கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார்.

அப்படியிருக்கும்போது, ஒரு காலையில் ஜெட்டியில் கயிற்றைக் கட்டிவிட்டு நிமிர்ந்த சிலுவைராஜ் அப்படியே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி. அமுதம் அடக்கத்தில் வாய்விட்டு அழுதாள். சண்டை தீராமலே போய்விட்டாரே என்பது அவளுக்கு ஆறவில்லை. முப்பதாம் நாள் பூசைக்குக் கொடுக்கிற நினைவு அட்டையைத் தானே அடித்துத் தருவதாக ஜாக்குலின் அக்காவிடம் சொன்னாள். இறந்தவரின் படம், கீழே இரண்டு வரி ஜெபம். எல்லாரும் வாங்கி முத்தமிட்டு பைபிளுக்குள் வைத்துக்கொள்வார்கள்.

வினை அங்கேதான் வந்தது. புயல் எச்சரிக்கை என்று கப்பல் வரவில்லை. கப்பல் வராததால் கெட்டி அட்டை வரவில்லை. கடையில் மிச்சமிருந்தது ஒரே கட்டு. அதில் கொஞ்சத்தில்தான் சனிக்கிழமை காலை எனக்காகப் புதுப் பூதங்களை அடித்து, வெட்டாமல் மேஜையில் வைத்திருந்தாள். மத்தியானம் மழை இருட்டு, கரண்ட் வேறு போய்ப்போய் வந்தது. அமுதம் மேஜையிலிருந்த தாளை எல்லாம் ஒன்றாக அள்ளி மெஷினின் பின்தட்டில் செருகினாள். வெற்றுப் பக்கம் அவளைப் பார்த்தது. மறுபக்கம் சுவரைப் பார்த்தது. சுவருக்கு வாயா இருக்கிறது? சிலுவைராஜ் முகம் தாள்தாளாக வந்து விழுந்தது. தாளுக்கு ஒன்பது சிலுவைராஜ். முகம் மேலிருக்க அதே மரச்சட்டத்தில் வைத்து வெட்டி, அதே கருவியால் முனையை உருட்டி, வெள்ளை நாடா கட்டி ஜாக்குலின் அக்கா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் பூசைக்கு நானும் போயிருந்தேன். ஜெட்டியில் கூட வேலை பார்த்த மனுஷன் அல்லவா. என் சாமி வேறு, அதனால் கடைசி வரிசையில் நின்றேன். பூசை முடிந்ததும் ஜாக்குலின் அக்கா வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் அட்டையைக் கொடுத்தார். முகம் அழுது வீங்கியிருந்தது. எனக்கு முன்னால் போன அமுதம் அட்டையை வாங்கி, கண்ணில் ஒற்றி, முத்தமிட்டு, பைபிளுக்குள் வைக்கத் திருப்பினாள். திருப்பியவள் நின்றுவிட்டாள். அதை என் கையில் திணித்தாள்.

பச்சைத் தோல். முழங்கால் வரைக்கும் நாக்கு. ஓரத்தில் 'நகல்'.

சிரிப்பு எனக்கு வயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. கோவிலாயிற்றே, சாவு வீட்டுக்காரர்கள் நிற்கிறார்களே என்று இருமலாக மாற்றிப் பார்த்தேன். மாட்டு டாக்டர் பரிவோடு என் முதுகில் தட்டினார். அப்புறம்தான் பஜாரில் அமுதம் கத்தியது நினைவுக்கு வந்தது. 'உங்க மூஞ்சியத்தான் கார்டுல அடிக்கப் போறேன்.' எனக்குச் சிரிப்பு செத்துவிட்டது.

"அண்ணாச்சி, தொலைஞ்சேன்," என்றாள். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "சொன்ன மாதிரியே செஞ்சுட்டான்னு ஊரே சொல்லும். சொல்லிட்டுப் போவட்டும். அக்கா நம்பிட்டா? செத்த மனுசன்கிட்ட பழி தீத்துக்கிட்டேன்னு அக்கா நினைச்சிட்டா, அப்புறம் நான் எந்த மூஞ்சியோட இந்த ஊர்ல இருப்பேன்?"

"எத்தனை அட்டையில இருக்கும்?"

"உங்களுக்கு அடிச்ச தாள் அத்தனையிலயும் இருக்கும். நல்லாக் கேட்டிய, புதுப் பூதம் வேணும் புதுப் பூதம் வேணும்னு!"

பழி என் தலையில்! நான் பதில் சொல்வதற்குள் அவள் சாமியாரிடம் ஓடிவிட்டாள். ஹாலில் ஜனங்கள் டீயும் பன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் இன்னும் அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை. மைக்கில் அமுதத்தின் குரல் கேட்டது.

"சிலுவைராஜ் அண்ணன் ஞாபகமா, இந்தக் கார்டு எல்லாத்தையும் நம்ம கடையில ஃப்ரீயா லேமினேட் பண்ணித் தாரேன். மழைக்காலம், ஈரம் பிடிச்சிரும். இப்பவே, இன்னைக்கே கொண்டு வாங்க." ராஞ்சிப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்களுக்காக அதையே இந்தியில் சொன்னாள். "ஆஜ் ஹீ லானா, கல் நஹீ!" நாளைக்கு என்ற பேச்சே கிடையாதாம்.

கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஃப்ரீ என்கிற சொல்லின் வேகம் எங்கள் இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை. நாங்கள் கடையைத் திறப்பதற்குள் வாசலில் கூட்டம். நினைவு அட்டையோடு பாதிப் பேர், ஆதார் கார்டு, ஐலண்டர் கார்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட்டோடு மீதிப் பேர். பதினாறு கிலோமீட்டர் என்றே பெயருள்ள ஊரிலிருந்து ஒரு ஆள் நிலப் பட்டாவையே எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டான். கோவில் பக்கமே போகாத காய்கறிக்கடை ஒச்சம்மா மாரியம்மன் படத்தை நீட்டினாள்.

"ஆத்தா, உனக்கும் சிலுவைராஜுக்கும் என்ன சம்பந்தம்?" என்று எகிறினேன்.

"ஏன் இல்ல? அந்த மனுசன் எங்கிட்டதான முருங்கைக்கா வாங்குவாரு. பேசாம போட்டுக் குடு தம்பி."

நான் வாசலில் நின்று அட்டையை வாங்கி, யாருக்கும் தெரியாமல் முதுகைப் பார்ப்பேன். வெறும் முதுகென்றால் அப்படியே மெஷினுக்கு. பூதமென்றால் அமுதத்தின் மடிக்கு. அவள் குனிந்து வெள்ளைத்தாளை ஒட்டி மூடி, பிளாஸ்டிக்கில் நுழைத்துச் சூடுபோட்டு நீட்டுவாள். நடுநடுவே மாரியம்மன், பட்டா, மார்க் ஷீட். கடையிலிருந்த லேமினேஷன் உறை எல்லாம் ஏறக்குறையத் தீர்ந்துபோனது. கூட்டம் கலைந்தபோது கணக்குப் பார்த்தோம். எல்லாப் பூதமும் வந்துவிட்டது, ஒன்றைத் தவிர.

அது யாரிடம் இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். வாசலில் குடையை மடக்கிவிட்டு ஜாக்குலின் அக்கா உள்ளே வந்தார். பைபிளைத் திறந்து அட்டையை எடுத்து, பூதம் மேலே தெரியும்படி மேஜையில் வைத்தார். பாறை உடம்பு, துருத்திய பல், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. பட்டறைப் பக்கமிருந்து வந்த ஜோஸ்வா அதைப் பார்த்துவிட்டு வந்த வழியே போனார். ஆம்பளை!

"ஏட்டி அமுதம், ஊருக்கெல்லாம் ஃப்ரீ. எனக்குக் கிடையாதா?"

அமுதத்துக்கு அழுகை பொங்கிவிட்டது. "அக்கா, மாதா மேல சத்தியமா வேணும்னு செய்யல. தாள் மாறிப்போச்சுக்கா. வாயில சொன்னேனே தவிர, அண்ணன் மேல எனக்கு..."

"தெரியும்ட்டி. வேணும்னு செய்றவ பின்னால ஒளிச்சா வைப்பா? நீ முன்னாலயே போடுற ஆளு." அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "கோவில்ல கட்டைப் பிரிச்ச உடனேயே பாத்துட்டேன்."

"பாத்துமா கொடுத்தீங்க?" என்று நான் கத்திவிட்டேன்.

"பின்ன? முகத்தை மேல வச்சுக் கொடுத்தேன். ஒவ்வொருத்தரும் மூக்கைச் சிந்திக்கிட்டு வாங்குறாங்க. யாரு முதல்ல திருப்புவா, என்ன முழி முழிப்பான்னு பாக்கணும் போல இருந்துச்சு தம்பி. நீங்க இருமுனீங்களே, அப்ப நானும் முந்தானையை வாயில வச்சு அமுக்கிக்கிட்டு நின்னேன். அவரு போனதுல இருந்து அழுதுக்கிட்டேதான் கிடக்கேன். இன்னைக்குத்தான் சிரிப்பு வந்துச்சு. அதுக்குள்ள இவ ஓடிப் போய் மைக்கைப் பிடிச்சுக் கெடுத்துட்டா."

அமுதம் அழுகையை நிறுத்தி வாயைப் பிளந்தாள். ஊரில் குறும்புக்குத் தான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அல்லவா.

அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "இந்தப் பக்கம், கோவிலுக்குப் போறப்ப அவருக்கு இருக்கிற முகம். இந்தப் பக்கம், வீட்டுக்கு வந்து குழம்புல உப்பு இல்லேங்கிறப்ப இருக்கிற முகம். ரெண்டையும் கரெக்டா அடிச்சிருக்க போ. இத்தனை வருசம் குடும்பம் நடத்துனவ சொல்லுதேன்."

மூன்று பேரும் சிரித்தோம். மேஜையைத் தட்டிச் சிரித்தோம். அக்காவுக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. துடைத்துக்கொண்டு அட்டையை என் பக்கம் நகர்த்தினார்.

"இது ஆட்டத்துல என்ன தம்பி செய்யும்? யாரைக் கடிக்கும்?"

"இது யாரையும் கடிக்காதுக்கா. யார் மேலயும் பாயாது. முன்னால போய் நிக்கும், அவ்வளவுதான். எதிராளி எதை ஏவினாலும் அந்த அடியை இதுதான் வாங்கிக்கும். இது நிக்கிற வரைக்கும் பின்னால இருக்கிறவங்களை ஒருத்தரும் தொட முடியாது."

ஜாக்குலின் அக்கா பூதத்தின் துருத்திய பல்லை விரலால் தடவினார்.

"அப்ப இதுவும் அவருதான்," என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

அமுதம் எழுந்து, மிச்சமிருந்த உறை ஒன்றைத் தேடி எடுத்து, மெஷினைச் சூடாக்கினாள். வெள்ளைத்தாளைத் தொடவில்லை. இரண்டு பக்கமும் தெரியும்படியே போட்டு அக்காவின் கையில் கொடுத்தாள்.